ப்ளஸ் ஒன் குரூப் எடுக்க காசு குடுத்து கவுன்சிலிங் போகலாமா? தர்மபுரி சென்டர் ஒன்னு பத்தி

மொதல்ல முடிவ சொல்லிடறேன், நேரம் இருக்கறவங்க மிச்சத்த படிங்க. டாக்டருக்கு படிக்கணும்னு சொல்ற பிள்ளைக்கு ப்ளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கறதுனு வீட்ல ஒரே குழப்பமா இருந்தா, தர்மபுரில இருக்கற இந்த மாதிரி கவுன்சிலிங் சென்டருக்கு 500 ரூபா குடுத்து போறதுல தப்பே இல்ல, ஆனா அந்த 500க்கு மேல அங்க ஒத்த ரூபா கூட எடுக்காதீங்க. சென்டர் பேர் போடல. பஸ் ஸ்டாண்ட சுத்தி இப்படி நாலஞ்சு இருக்கு, பத்தாவது ரிசல்ட் வர்ற மே மாசத்துல புதுசா வேற மொளைக்கும், போர்டு மட்டும்தான் மாறும், உள்ள நடக்கறது எல்லாம் ஏறக்குறைய ஒன்னுதான்னு போய்ட்டு வந்த சொந்தக்காரங்களும் சொல்றாங்க.

நாங்க போனது எங்க அக்கா பொண்ணுக்காக. பாலக்கோடு பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிக்குது, பத்தாவதுல நல்ல மார்க், சின்ன வயசுல இருந்தே டாக்டர்னுதான் சொல்லிட்டு இருக்கு. பிரச்சன என்னனா அந்த நாலாவது சப்ஜெக்ட். பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மூணும் எப்படியும் எடுத்தாகணும், கூட என்ன எடுக்கறது, மேக்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, இல்ல பயாலஜியையே பாட்டனி ஜுவாலஜினு ரெண்டா பிரிச்சு ப்யூர் சயின்ஸா. மச்சான் மேக்ஸ் எடுத்தே ஆகணும், டாக்டர் கெடைக்கலனா இன்ஜினியரிங் போகலாம்ங்கறாரு. அக்காவுக்கு மேக்ஸ்னாலே பயம், பாப்பா நைட்டெல்லாம் கணக்கு போட்டுட்டு இருந்தா நீட்டுக்கு எப்ப படிக்கும்னு கேக்குது. பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் எடுத்தா ஈசியா மார்க் வரும்னு அவர் பங்குக்கு. பாப்பாகிட்ட கேட்டா "எதுனாலும் ஓகே மாமா, பயாலஜி இருந்தா போதும்"னு சொல்லிட்டு போன பாக்குது.

சரி சென்டர் விஷயத்துக்கு வரேன். மாடில ரெண்டு ரூமு, வெளில ஒரு ரிசப்ஷன் டேபிள், செவுரு முழுக்க ஸ்டெதஸ்கோப் மாட்டுன பசங்க போட்டோ. ஒரு பெரிய ஃப்ளெக்ஸ்ல "ப்ரீ-மெட் ஃபவுண்டேஷன்"னு போட்டிருந்தாங்க. அது என்னனு கேட்டதுக்கு ரிசப்ஷன்ல இருந்த தம்பி "அமெரிக்கன் சிஸ்டம் சார், எய்த்ல இருந்தே ஸ்டார்ட் பண்ணலாம்"னான். இதுல ஒரு சின்ன விஷயம் சொல்லணும், ஏன்னா இந்த வார்த்தைய வச்சு நெறைய பேர் காசு பாக்கறாங்க. அமெரிக்காவுல ஸ்கூல் முடிச்சதும் பொதுவா நேரா மெடிக்கல் போக முடியாது, மொதல்ல நாலு வருஷம் காலேஜ்ல ஒரு டிகிரி முடிக்கணும். அந்த நாலு வருஷத்துல மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ற ஐடியால இருக்கறவங்களதான் ப்ரீ-மெட்னு சொல்லுவாங்க. அது தனி டிகிரி கூட இல்ல, மியூசிக் மேஜர் எடுத்தவன் கூட பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னு கேக்கற பேப்பர லேபோட முடிச்சிட்டா அப்ளை பண்ணலாம். எம்கேட்னு அவங்களுக்கு ஒரு நுழைவுத்தேர்வு, அதுல 2015ல இருந்து சைக்காலஜி சோஷியாலஜி பகுதியும் சேத்துட்டாங்க, அதனால அங்க பசங்க எலெக்டிவா, அதாவது விருப்பப் பாடமா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கலாமா சைக்காலஜி எடுக்கலாமானு மண்டைய ஒடைச்சுக்குவாங்க. நம்மூர்ல எட்டாங்கிளாஸ் பையனுக்கு சாயங்காலம் சயின்ஸ் டியூஷன் எடுக்கறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நம்ம பிள்ளைங்களுக்கு எலெக்டிவ்னு வாழ்க்கைல இருக்கறதே இந்த ப்ளஸ் ஒன் நாலாவது சப்ஜெக்ட் ஒன்னுதான், அதுவும் பதினஞ்சு வயசுல.

அடுத்தது கைரேகை டெஸ்ட். ஆமா, சரியாதான் படிக்கறீங்க. பத்து வெரலையும் ஒரு ஸ்கேனர்ல வச்சு, பிள்ளையோட மூளை இடது பக்கம் வேல செய்யுதா வலது பக்கமா, டாக்டர் ஆகுமா வக்கீல் ஆகுமானு கலர் கலரா ரிப்போர்ட் தருவாங்களாம், 3,500 ரூபா. ரேகைக்கும் படிப்புக்கும் தொடர்பு இருக்குனு சொல்ல சயின்ஸ்ல எந்த ஆதாரமும் இல்ல. டாக்டராகப் போற பிள்ளைய கூட்டிட்டு வந்து ரேகை ஜோசியம் பாக்க சொல்றாங்களேனு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. முன்னாடி நின்ன ஒரு குடும்பம், அரூர் பக்கம்னு நெனைக்கிறேன், மறுபேச்சு இல்லாம ரசீது போட்டுட்டாங்க. அந்தப் பெரியவர் மடிச்சு வச்சிருந்த ஐநூறு ரூபா நோட்ட ஒன்னொன்னா எண்ணி வச்சத பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு. வேணாம்னு நாங்க சொன்னதுக்கு தம்பி மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா வற்புறுத்தல, அது வரைக்கும் சரி.

இப்ப நல்ல விஷயம். உள் ரூம்ல ஒக்காந்திருந்தவர் ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். இந்த ரிவ்யூவ நான் எழுதறதே இவருக்காகதான். எங்கள பாக்கவே இல்ல, "வாம்மா, ஒக்காரு"னு பாப்பாகிட்ட மட்டும்தான் பேசினாரு, மச்சான் நடுவுல வாயத் தொறந்தப்ப "சார், நீங்க பரீட்சை எழுதப் போறதில்லையே"னு ஒரே வார்த்தை. மார்க் ஷீட்ட ஓரமா வச்சிட்டு அலமாரில இருந்து ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் மொத வால்யூம எடுத்து ரெண்டாவது பாடம் இயக்கவியல பிரிச்சு குடுத்து, ஒரு பக்கத்த படிச்சிட்டு புரிஞ்சத சொல்லுனாரு. பாப்பா வெக்டர் வரைக்கும் தட்டுத்தடுமாறி சொல்லுச்சு, வகைக்கெழு, அதான் டிஃபரன்சியேஷன், வந்ததும் நின்னுடுச்சு. அவர் அதுக்கு ஒன்னும் சொல்லல, அடுத்து ப்ளஸ் ஒன் மேக்ஸ் புக்கோட பொருளடக்கத்த காட்டினாரு. மொத வால்யூம்ல கணம், இயற்கணிதம், திரிகோணமிதி இதெல்லாம்தான். வெக்டர் எட்டாவது பாடம், டிஃபரன்சியேஷன் பத்தாவது, இன்டெக்ரேஷன் பதினொன்னு, மூணுமே ரெண்டாவது வால்யூம். பிசிக்ஸ்ல இதெல்லாம் ஜூன் ஜூலைலயே தேவப்படுது, மேக்ஸ் வகுப்புல அதுங்க வர்றதுக்குள்ள அரையாண்டு பக்கத்துல வந்துடும்.

அதாவது மேக்ஸ் எடுத்தா பிசிக்ஸ் தானா ஈசியாயிடும்னு ஊரே சொல்லுதே, அது பாதிதான் உண்மை. எந்த குரூப் எடுத்தாலும் பிசிக்ஸுக்கு வேண்டிய கணக்க பிசிக்ஸ் வாத்தியார்தான் மொதல்ல சொல்லித் தரணும், ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு அந்த அளவு கணக்கு போதும், பத்து நாள் ஒழுங்கா ஒக்காந்தா வந்துடும்னாரு. மேக்ஸ் எடுக்கற பிள்ளைக்கு என்ன லாபம்னா கணக்கு தினமும் கைல ஓடும், நீட்ல கால்குலேட்டர் கெடையாது, அந்த வேகம் பிசிக்ஸ்லயும் கெமிஸ்ட்ரிலயும் ஒதவும். அதுக்கு வெல, தினம் ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஹோம் ஒர்க். கணக்கு புடிச்ச பிள்ளைக்கு அது பாரமே இல்ல, புடிக்காத பிள்ளைக்கு அந்த ரெண்டு மணி நேரம் நாலு மணி நேரமாகும்.

அப்பறம் நாள் காலண்டர்ல ஒரு தாள கிழிச்சு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாரு. நீட் 180 கேள்வி, 720 மார்க், மூணு மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிஷம். அதுல பயாலஜி மட்டும் 90 கேள்வி 360 மார்க், சரியா பாதி. பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. சரியா எழுதினா நாலு, தப்புனா ஒன்னு போயிடும். பயாலஜிய பாதி நேரத்துலயே முடிச்சாதான் பிசிக்ஸுக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும். மெடிக்கலுக்கு ப்ளஸ் டூ மார்க் ரேங்க்ல சேராது, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மூணுலயும் சேத்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், ஓபிசி எஸ்சி எஸ்டிக்கு 40 இருந்தா தகுதி, அவ்ளோதான். இங்க மேக்ஸ் மார்க்க யாரும் பாக்கப் போறதில்ல. ஆனா இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200ல மேக்ஸ் மட்டும் 100, பிசிக்ஸ் 50 கெமிஸ்ட்ரி 50. மேக்ஸ் இல்லனா அந்தக் கதவு அன்னைக்கே மூடிடும். இதையும் எழுதிக் காட்டிட்டு பாப்பாவ பாத்து "அந்தக் கதவு வழியா நீ போவியா, அத மட்டும் சொல்லு"னாரு. பாப்பா கொஞ்ச நேரம் யோசிச்சு "தெரியல சார்"னுச்சு. "தெரியலனா மூடாத, ஆனா அதுக்காக அழுதுகிட்டே கணக்கு போடவும் வேணாம்"னு சொல்லி, பத்தாவது கணக்குல எந்த பாடம் புடிச்சுதுனு கேட்டாரு. திரிகோணமிதினு டக்குனு வந்துச்சு. அதுல ஒரு ஒயரம் தூரம் கணக்கு குடுத்தாரு, போட்டுடுச்சு. எனக்கே ஆச்சரியமாதான் இருந்துச்சு, வீட்ல யாரும் பாப்பாவுக்கு கணக்கு வருமானு அதுகிட்டயே கேட்டதில்ல.

அவர் சொன்னதுல இன்னொன்னு எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. 2007ல இருந்து 2016 வரைக்கும் நம்ம ஸ்டேட்ல ப்ளஸ் டூ மார்க் வச்சேதான் எம்பிபிஎஸ் சீட், 2017ல இருந்துதான் இங்க நீட். அந்த மார்க் காலத்துல ப்ளஸ் ஒன் பாடத்த அப்படியே தாண்டிட்டு ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வச்ச ஸ்கூல் எத்தன இருந்துச்சுனு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நீட்ல ப்ளஸ் ஒன் பாடம் கிட்டத்தட்ட பாதி வரும், செல், உயிர் மூலக்கூறு, மனுஷ ஒடம்பு இயங்கறது, விலங்கு வகைப்பாடு எல்லாம் அங்கதான் இருக்கு. 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கு பப்ளிக் எக்ஸாம் கொண்டு வந்தாங்க, இப்ப 2025-26ல இருந்து அதையும் எடுத்துட்டாங்க. பசங்களுக்கு ஒரு பரீட்சை கொறஞ்சுது, நல்லதுதான், ஆனா மறுபடியும் எந்த ஸ்கூல் ப்ளஸ் ஒன் பாடத்த தாண்டுதுனு பெத்தவங்கதான் இனி கண்ணுல வெளக்கெண்ண விட்டுகிட்டு பாக்கணும். குரூப்ப விட இது பெரிய விஷயம்னு சார் சொன்னாரு, எனக்கும் அதுதான் சரினு படுது.

இது வரைக்கும் 500 ரூபாக்கு டபுள் மடங்கு லாபம். இனி சண்ட போட்ட கத.

சார்கிட்ட பேசிட்டு வெளில வந்ததும் ரிசப்ஷன் தம்பி ஒரு பிரைவேட் ஸ்கூல் நோட்டீஸ நீட்டினான். ஹாஸ்டலோட இன்டெக்ரேட்டட் நீட் கோச்சிங், ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ ரெண்டு வருஷம், ஃபீஸ் சொன்னதும் மச்சான் செவுத்த புடிச்சுகிட்டாரு. "டாக்டர் சீட்டுனா கவர்மெண்ட் ஸ்கூல்ல இருந்தா ஆகாது சார், இப்பவே மாத்திடுங்க"னு அவன் பாட்டுக்கு பேசறான். பாப்பா ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்குதுனு ஃபாரத்துலயே எழுதிக் குடுத்திருந்தோம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கு, 2020ல சட்டமே போட்டாங்க, அதுல சீட் கெடச்சா ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது. ப்ளஸ் ஒன்னுக்கு பிரைவேட்டுக்கு மாத்தினா அன்னைக்கே அது போச்சு. எய்டட் ஸ்கூலுக்கு மாத்தினாலும் போச்சு. இத சொல்லாம ஸ்கூல் மாத்துனு ஒருத்தன் சொல்றான்னா, ஒன்னு அவனுக்கு தெரியாது, இல்ல கமிஷன் இருக்கு. நான் நேராவே கேட்டேன், "தம்பி, 7.5 பத்தி ஏன் சொல்லல?" அவன் "அதெல்லாம் ரொம்ப காம்பெடிஷன் சார்"னு மழுப்பினான். ஒதுக்கீடு இல்லாம பொதுவுல போட்டி போட்டா காம்பெடிஷன் கொறைவாடா?

உள்ள இருந்த சார் காதுல விழுந்திருக்கும் போல, எழுந்து வந்து "அந்தப் பொண்ணு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு போயிட்டாரு. அவருக்கும் சங்கடமாதான் இருந்திருக்கும், அவருக்கு சம்பளம் குடுக்கறதும் அதே சென்டர்தான. ஆனா எல்லாரும் இப்படி எதிர்க்கேள்வி கேப்பாங்களா? அந்த ரேகை டெஸ்டுக்கு பணம் கட்டின பெரியவர் கேப்பாரா? இதுக்குதான் இந்த சென்டருக்கு நான் ரெண்டு ஸ்டார் கொறைக்கறேன்.

சென்டர்ல யாருமே சொல்லாத சிலதையும் சேத்து சொல்லிடறேன். குரூப் பேர பாக்கறதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு போய் அந்த சப்ஜெக்ட்டுக்கு டீச்சர் இருக்காங்களா, போஸ்டிங் காலியா கெடக்கானு கேளுங்க. எல்லா கவர்மெண்ட் ஸ்கூல்லயும் எல்லா குரூப்பும் இருக்காது. எங்க பாப்பா ஸ்கூல்ல ப்யூர் சயின்ஸே கெடையாது, அது வேணும்னா தினம் பஸ் ஏறணும். இருக்கறது பயோ மேக்ஸும் பயாலஜி கம்ப்யூட்டரும்தான், ஆக வீட்ல ரெண்டு வாரமா நடந்த சண்டைல மூணுல ஒரு பங்கு தேவையே இல்லாதது. வொகேஷனல்ல நர்சிங்னு பேர் இருக்கறத பாத்து மெடிக்கல் லைன்தானனு சேத்துடாதீங்க, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மூணும் இல்லாத குரூப்ல படிச்சா நீட் எழுத முடியாது. பயாலஜி எடுக்காம போய் அப்பறம் மனசு மாறினவங்களுக்கு ஒரு வழி இருக்கு, ப்ளஸ் டூ முடிச்ச பின்னாடி பயாலஜிய கூடுதல் பாடமா எழுதி பாஸ் பண்ணிட்டு நீட் எழுதலாம்னு 2023ல நேஷனல் மெடிக்கல் கமிஷன் அறிவிச்சுது. ஆனா பிராக்டிகலோட ரெண்டு வருஷ பாடத்த தனியா படிக்கணும், அத நம்பி இப்ப பயாலஜிய விடாதீங்க.

நீட்ல வரலனா அடுத்து என்ன, இத பத்தியும் அங்க ஒரு வார்த்தை இல்ல, சார் கூட இன்ஜினியரிங்கோட நிறுத்திட்டாரு. நம்ம ஸ்டேட்ல வெட்னரி, அக்ரி, பிஎஸ்சி நர்சிங், பி ஃபார்ம் எல்லாம் ப்ளஸ் டூ மார்க்லயே கெடைக்கும். சித்தா, ஆயுர்வேதா, ஹோமியோபதிக்கு நீட் வேணும். பாப்பாவுக்கு மாடுனா உயிரு, வீட்ல ரெண்டு கறவ இருக்கு, தலைவாசல்ல வெட்னரி காலேஜே வந்துடுச்சு, எம்பிபிஎஸ் இல்லனா அதுக்கு போகும்னு எனக்கு ஒரு எண்ணம். அதுக்கெல்லாம் ப்ளஸ் டூ மார்க் வேணும்ங்கறதால நீட் நீட்டுனு ஸ்கூல் பாடத்த கோட்ட விட முடியாது. பிள்ளைய எந்நேரமும் கோச்சிங்க்கு அனுப்பிட்டு ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் மட்டும் போட வைக்கறவங்க இத கொஞ்சம் யோசிங்க. கவர்மெண்ட் ஸ்கூல்லயே ஃப்ரீயா நீட் கிளாஸ் நடக்குது, கேள்வித்தாளும் தமிழ்ல வாங்கிக்கலாம், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா மட்டும் இங்கிலீஷ்ல இருக்கறததான் சரினு எடுத்துப்பாங்க.

நம்ம பக்கத்துல மெடிக்கல் காலேஜுக்கும் கொறைவில்ல. தர்மபுரி காலேஜ் 2008ல வந்துச்சு, 100 சீட். கிருஷ்ணகிரில போலுப்பள்ளில 150 சீட்டோட 2022 ஜனவரில தொறந்தாங்க. ஸ்டேட் முழுக்க ஒரே ரேங்க் லிஸ்ட்ங்கறதால உள்ளூர்க்காரனுக்குனு தனி சீட் கெடையாது, அத மட்டும் தப்பா நெனச்சுக்காதீங்க. ஆனா வீட்டுக்கு பக்கத்துல ஒரு காலேஜ் இருந்தா பிள்ளைக்கு ஒரு தெம்புதான்.

பாப்பா பயோ மேக்ஸ்தான் சேந்துருக்கு. மச்சான் தன் பேச்சு ஜெயிச்சதா நெனச்சு சந்தோஷமா சுத்தறாரு, ஆனா உண்மைல முடிவ மாத்தினது அந்த திரிகோணமிதி கணக்கும், அந்த ஸ்கூல்ல மேக்ஸ் எடுக்கற டீச்சரும்தான். அவங்ககிட்ட படிச்ச பசங்க எல்லாம் அவ்ளோ நல்லா சொல்றாங்க. அக்கா இன்னும் முழுசா சமாதானம் ஆகல.

ரேட்டிங்னு கேட்டா சாருக்கு அஞ்சுக்கு அஞ்சு, சென்டருக்கு மூணு, ரேகை டெஸ்டுக்கு முட்ட. போறதா இருந்தா சார் சனி ஞாயிறு மட்டும்தான் இருப்பாரு, மத்த நாள்ல போனா ஒரு காலேஜ் முடிச்ச பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கறத படிச்சு காட்டும், அதுக்கு 500 தண்டம். காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, மதியத்துக்கு மேல கூட்டத்துல ஆளுக்கு பத்து நிமிஷம்தான் கெடைக்கும். பிள்ளையையும் கூட்டிட்டு போங்க, பிள்ள இல்லாம பெத்தவங்க மட்டும் வந்தா சார் பாக்கறதே இல்ல. மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்னு, உங்க ஸ்கூல்ல என்னென்ன குரூப் இருக்குங்கற லிஸ்ட் ஒன்னு கைல இருக்கட்டும். பைக் நிறுத்த எடமில்ல, பஸ் ஸ்டாண்ட் ஸ்டாண்டுலயே போட்டுட்டு நடந்துடுங்க.